முப்பத்தைந்து ரூபாய்க்கு யார் வாங்கினார்கள்?

மக்களே, மறுபடியும் அந்தப் படம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. குடியிருப்புத் தமிழ்க் குழு, தமிழ்ச் சங்கக் குழு, ஊர்க்காரர்கள் குழு என்று மூன்று வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது. இடது ஓரத்தில் தரையோடு தரையாக ஒரு கோடு. வலது ஓரத்தில் அதே கோடு வானத்தைப் பார்த்து நிற்கிறது. கீழே கொட்டை எழுத்தில் "2004-இல் பயோகான் பங்கு வெறும் 35 ரூபாய்! அன்று ஒரு லட்சம் போட்டிருந்தால்?" அதற்கும் கீழே "அடுத்த பயோகான் எது? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள், அனுமதி இலவசம்". கூடவே ஒரு கைபேசி எண்.

நான் கேட்பது ஒரே கேள்வி. 35 ரூபாய்க்கு யார் வாங்கினார்கள்?

சந்தையில் அந்தப் பங்கு ஒரு நாள்கூட 35 ரூபாய்க்குக் கைமாறியதில்லை. அப்படியானால் படம் பொய்யா? பொய்யும் இல்லை. அதுதான் விஷயமே. பொய்யாக இருந்தால் பிடித்துவிடலாம். இது உண்மையான எண்ணை வைத்துச் சொல்லப்படும் ஏமாற்று. புனேயில், பெங்களூரில், நொய்டாவில், குர்காவில் என்று சிதறிக் கிடக்கும் நம்ம குடும்பங்களின் சேமிப்பு இப்படிப்பட்ட படங்களை நம்பித்தான் போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

35 எங்கிருந்து வந்தது?

பயோகான், கிரண் மஜும்தார் ஷா 1978-இல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனி. 2004 மார்ச்சில் ஐ.பி.ஓ. வந்தது. விலை 315 ரூபாய். முப்பது மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. ஏப்ரல் 7-ஆம் தேதி சந்தையில் பட்டியலானது. முதல் நாள் முடிவில் பங்கு 480 ரூபாயை ஒட்டி நின்றது. கம்பெனியின் மொத்த மதிப்பு முதல் நாளிலேயே நூறு கோடி டாலரைத் தாண்டியது. அன்றைக்குப் பேப்பரெல்லாம் ஒரே கொண்டாட்டம்.

அதற்குப் பிறகு மூன்று முறை போனஸ் பங்கு கொடுத்தார்கள்.

2008-இல் ஒன்றுக்கு ஒன்று. உங்களிடம் 100 பங்கு இருந்தால் 200 ஆனது.
2017-இல் ஒன்றுக்கு இரண்டு. 200 பங்கு 600 ஆனது.
2019-இல் இரண்டுக்கு ஒன்று. 600 பங்கு 900 ஆனது.

ஆக, 2004-இல் வாங்கிய ஒரு பங்கு இன்று ஒன்பது பங்கு. 315-ஐ ஒன்பதால் வகுத்தால் 35. இவ்வளவுதான் அந்த ரகசியம்.

போனஸ் என்றவுடன் சும்மா கிடைத்த காசு என்று நினைக்காதீர்கள். ஒரு ஊத்தப்பத்தை நாலாக வெட்டினால் நாலு ஊத்தப்பம் ஆகிவிடாது. பங்கின் எண்ணிக்கை கூடும்போது ஒரு பங்கின் விலை அதே கணக்கில் இறங்கும். கம்பெனியின் மதிப்பு போனஸ் கொடுத்ததால் கூடாது. ஆகவே பழைய விலையைப் புதிய விலையோடு ஒப்பிட வேண்டுமானால், பழைய விலையையும் வெட்டித்தான் பார்க்க வேண்டும். இதைச் செய்து வைத்திருக்கும் விலையை நான் இந்தப் பதிவில் 'சரிக்கட்டிய விலை' என்று சொல்லப்போகிறேன். அன்றைக்கு உண்மையில் கைமாறிய விலைக்கு 'அன்றைய விலை' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இரண்டும் உண்மை. இரண்டுக்கும் வேலை வேறு. எதற்கு எது என்று சொல்லாமல் காட்டுகிறவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார்.

அன்றைய விலையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்?

2017 ஜூனில் ஒரு சம்பவம். ராஸ்தா பேட்டில் பல வருடமாக இருக்கும் பெரியவர் ஒருத்தர், ஓய்வு பெற்ற மனிதர், காலையில் எனக்குப் போன் செய்தார். குரல் நடுங்குகிறது. "தம்பி, ஆயிரம் ரூபாய் பக்கம் இருந்த பங்கு முந்நூத்துச் சொச்சம்னு காட்டுது. எல்லாம் போச்சா?" ஒன்றும் போகவில்லை. அன்றுதான் போனஸைக் கழித்த விலையில் பங்கு வர்த்தகமாக ஆரம்பித்திருந்தது. ஒன்றுக்கு இரண்டு போனஸ் என்றால் விலை மூன்றில் ஒன்றாகும். கூடுதல் பங்குகள் சில நாளில் அவர் டிமேட் கணக்கில் வந்து சேர்ந்தன. "ஐயா, பதட்டத்தில் விற்றுவிடாதீங்க, பங்கு வரும்வரை பொறுங்க" என்று சொல்லி வைத்தேன். வேறு யாரிடமாவது கேட்டிருந்தால், "உடனே வித்துடுங்க மாமா, நான் நல்லதா ஒண்ணு சொல்றேன்" என்று சொல்லியிருப்பார்கள்.

தேசியப் பங்குச் சந்தை, மும்பைப் பங்குச் சந்தை இரண்டின் தளத்திலும் பழைய விலைப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே இருப்பது அன்றைய விலை. 2004 ஏப்ரலுக்குப் போனால் முந்நூறு, நானூறு என்றுதான் இருக்கும், 35 இருக்காது. பணச் செய்தித் தளங்களிலும் கைபேசிச் செயலிகளிலும் வரும் கோட்டுப் படம் பெரும்பாலும் சரிக்கட்டிய விலை. ஒன்றிலிருந்து ஓர் எண்ணும் மற்றதிலிருந்து ஓர் எண்ணும் எடுத்துக் கழித்தால் எந்த முட்டாள்தனத்தையும் நிரூபித்துவிடலாம். நிரூபிக்கவும் செய்கிறார்கள்.

எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை?

சரி, சரிக்கட்டிய விலையையே எடுத்துக்கொள்வோம். ஒரே கம்பெனி, ஒரே விலைப் பட்டியல். கீழே நாலு வாக்கியம். நாலும் உண்மை.

ஒன்று: ஐ.பி.ஓ.வில் 35-க்குச் சமமான விலையில் வாங்கியவருக்கு 2020 டிசம்பரில் பங்கு 450-ஐத் தாண்டியபோது பணம் கிட்டத்தட்ட 13 மடங்கு.

இரண்டு: அதே ஐ.பி.ஓ.வில் வாங்கியவர் 2008 கடைசியில் பார்த்தபோது போட்ட முதலே இல்லை. முதல் போனஸுக்குப் பிறகு அவருடைய அடக்க விலை 157 ரூபாய் 50 காசு. பங்கு அதற்கும் கீழே கிடந்தது. நாலரை வருடம் காத்திருந்து நஷ்டம்.

மூன்று: ஐ.பி.ஓ.வில் கிடைக்காமல் முதல் நாள் சந்தையில் 480-க்கு வாங்கியவரின் சரிக்கட்டிய விலை 53 ரூபாய் சொச்சம். 2023 மார்ச்சில் பங்கு 200 ரூபாய் பக்கம் இறங்கியபோது அவருக்கு 19 வருடத்தில் நாலு மடங்குகூட ஆகவில்லை. வருடத்துக்கு ஏழு சதவீதம் சுற்றித்தான் வரும்.

நாலு: 2020 டிசம்பரில் "கொரோனா காலம், இனிமேல் எல்லாம் பயோடெக்தான்" என்று 450-க்கு வாங்கியவர், இரண்டே கால் வருடத்தில் பாதிக்கு மேல் இழந்திருந்தார்.

படம் போடுகிறவர் எப்போதும் முதல் வாக்கியத்தை மட்டும்தான் எடுப்பார். தரையில் தொடங்கி உச்சியில் முடிப்பார். ஜோசியர் பலித்த பலனை மட்டும் சொல்லிக்காட்டுவது போல. :-)

இன்னொன்றையும் கவனியுங்கள். "அன்று ஒரு லட்சம் போட்டிருந்தால்" என்று கேட்கிறாரே, அன்று சிறு முதலீட்டாளர் என்ற பிரிவில் விண்ணப்பிக்க உச்சவரம்பே 50 ஆயிரம் ரூபாய்தான். 2005-இல்தான் அதை ஒரு லட்சமாக செபி உயர்த்தியது. முப்பது மடங்குக்கு மேல் விண்ணப்பம் வந்த இடத்தில் கேட்டது அத்தனையும் கிடைத்திருக்கும் என்று எண்ணவும் வழியில்லை. ஆக, நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர் ஒருவர் அந்தப் பிரிவில் ஒரு லட்சம் போட்டு ஒரு லட்சத்துக்கும் பங்கு வாங்கினார் என்பது நடந்திருக்கவே முடியாத கதை. நடக்க முடியாத கதையைக் காட்டி "விட்டுட்டீங்களே" என்று நம்மை வருத்தப்பட வைக்கிறார்கள். வருத்தப்படுகிறவன் அடுத்த வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவான். அதுதான் அவர்களுக்கு வேண்டியது.

எதோடு ஒப்பிட்டு?

பணம் ஏழு மடங்கு ஆனது என்றால் அது நல்லதா, சுமாரா? தனியாகச் சொன்னால் ஒன்றும் புரியாது. பையன் கணக்கில் 60 மார்க் என்று வந்து நிற்கிறான். வகுப்புச் சராசரி 40-ஆ, 85-ஆ என்று தெரிந்தால்தானே திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியும்?

இருபது வருடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 2004 மார்ச்சில் 100 பங்கு, 31,500 ரூபாய். 2024 மார்ச் கடைசியில் அது 900 பங்கு. விலை 260 ரூபாயை ஒட்டி. மொத்தம் 2 லட்சத்து 34 ஆயிரம் சுமார். ஏழரை மடங்குக்குக் கொஞ்சம் கீழே.

அதே 31,500-க்கு வேறு என்ன ஆகியிருக்கும்?

சென்செக்ஸ் 2004 மார்ச் 31-இல் 5,590. 2024 மார்ச் கடைசியில் 73,651. பதின்மூன்று மடங்கு. ஒரு சாதாரண குறியீட்டு ஃபண்டில் போட்டிருந்தால் செலவு போக ஏறக்குறைய 4 லட்சம்.

நம்ம வீட்டு அம்மாக்கள் வாங்குவது போல் பவுன் வாங்கியிருந்தால்? 2004-இல் ஒரு பவுன் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஆறு பவுனுக்கு மேல் வந்திருக்கும். 2024 மார்ச் கடைசியில் சென்னையில் பவுன் 50,000-ஐத் தொட்டது. மூன்று லட்சத்துக்கு மேல்.

எந்தத் தலைவலியும் இல்லாத பி.பி.எஃப்.? 2004-இல் வட்டி 8 சதவீதம். பிறகு ஏறி இறங்கி 7.1-க்கு வந்தது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம், வரி இல்லாமல்.

ஆக, நாட்டின் பயோடெக் துறையின் முகமாகக் காட்டப்படுகிற கம்பெனியின் ஐ.பி.ஓ.வில் அதிர்ஷ்டசாலியாகப் பங்கு வாங்கி, இருபது வருடம் அசையாமல் பிடித்து வைத்திருந்த ஒருவர் பி.பி.எஃப்.ஐ ஜெயித்தார். குறியீட்டிடமும் அம்மாவின் நகைப் பெட்டியிடமும் தோற்றார். டிவிடெண்டை நான் எங்கும் சேர்க்கவில்லை, சென்செக்ஸ் எண்ணிலும் அது இல்லை.

"நீ மட்டும் 2024 மார்ச் என்று உனக்கு வசதியான நாளை எடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சரியாக இருபது வருடம் என்பதற்காக எடுத்தேன். வேறு நாளை எடுத்தால் விடை மாறும், 2020 டிசம்பரை எடுத்தால் பயோகான்தான் ஜெயிக்கும். என் வாதமே அதுதான். முடிவு நாளை மாற்றினால் தலைகீழாகிற ஒரு விடையை வைத்துக்கொண்டு மகள் படிப்புக்கான பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்யக்கூடாது.

வரிக் கணக்கில் கதை வேறு

இதுவரை சரிக்கட்டிய விலைதான் சரி என்று பேசிவிட்டு, இப்போது அதைத் தொடாதீர்கள் என்று சொல்லப்போகிறேன். வரி கட்டும்போது தேவை அன்றைய விலை.

2018 பட்ஜெட்டில் நீண்டகாலப் பங்கு லாபத்துக்கு மறுபடியும் வரி வந்தது. ஆனால் 2018 ஜனவரி 31 வரை சேர்ந்த லாபத்துக்கு வரி கிடையாது என்று ஒரு சலுகை கொடுத்தார்கள். அதற்கு அந்த ஒரு நாளில் பங்குச் சந்தையில் பதிவான உச்ச விலை வேண்டும். அந்த உச்ச விலை, நீங்கள் விற்ற விலை, இரண்டில் எது குறைவோ அதை எடுக்கவேண்டும். அதையும் நீங்கள் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதுதான் உங்கள் அடக்க விலை.

ஒரு உதாரணம். ஐ.பி.ஓ.வில் 100 பங்கு வாங்கியவர் 900 பங்கையும் 2020 டிசம்பரில் 450 ரூபாய்க்கு விற்றார் என்று வைப்போம். கோட்டுப் படத்தைப் பார்த்து "நான் வாங்கியது 35" என்று கணக்குப் போட்டால் பங்குக்கு 415 லாபம், மொத்தம் 3,73,500. அப்போதைய ஒரு லட்சம் விலக்கு போக 2,73,500-க்குப் பத்து சதவீதம், அதாவது 27,350 ரூபாய் வரி.

சரியான கணக்கு இதுதான். 2018 ஜனவரி 31-இல் அவரிடம் இருந்தது 600 பங்கு. 2008, 2017 போனஸ் பங்குகளும் அதில் அடக்கம். அன்று பங்கின் விலை 450-ஐவிட நன்றாகவே மேலே இருந்தது. எனவே அந்த 600 பங்குக்கு அடக்க விலை 450, லாபம் பூஜ்யம். மீதி 300 பங்கு 2019-இல் வந்த போனஸ். அதற்கு அடக்க விலை பூஜ்யம், சலுகையும் இல்லை. 300 பங்குக்கு 450 வீதம் 1,35,000 முழுக்க லாபம். ஒரு லட்சம் போக 35,000. வரி 3,500 ரூபாய், செஸ் தனி.

27,350 எங்கே, 3,500 எங்கே? வித்தியாசம் இரண்டு மாதப் பள்ளிக் கட்டணம். 2024 ஜூலை 23 முதல் விகிதம் 12.5 சதவீதம், விலக்கு வருடத்துக்கு 1.25 லட்சம் என்று மாறியது. ஆனால் 2018 ஜனவரி 31 சலுகை அதோடு போய்விடவில்லை. அப்பா, தாத்தா பெயரில் பழைய பங்கு இருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சரிக்கட்டிய விலைப் பட்டியலில் அந்த நாளின் விலை 2019 போனஸுக்காகக் குறைத்துக் காட்டப்படும். அதை எடுத்துக் கணக்குப் போட்டால் தேவையில்லாத வரியைக் கட்டிவிட்டு வருவீர்கள்.

கோடு சொல்லாத கதைகள்

பயோடெக் என்பது சோப்பு விற்கிற தொழில் இல்லை. ஒரு மருந்துக்குப் பல வருடம் செலவழிப்பார்கள். கடைசியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சரி என்றால் சந்தை திறக்கும். ஆலையை ஆய்வு செய்து குறைகளைப் படிவம் 483-இல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் மருந்து தாமதமாகலாம். 2017 டிசம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் உயிரி-ஒத்த மருந்துக்கு, மைலான் கம்பெனியோடு சேர்ந்து, பயோகானுக்கு அந்த அனுமதி கிடைத்தது. 2018 ஜூனில் பெக்ஃபில்கிராஸ்டிமுக்குக் கிடைத்தது. அந்த மாதிரி நாளில் கோடு துள்ளும். அந்தத் துள்ளல் மருந்து வேலைக்காகப் பல வருடம் முன்பே செய்த செலவின் பலன். அடுத்த வருடம் அதே கோடு அதேபோல் துள்ளும் என்பதற்கு அதில் ஓர் ஆதாரமும் இல்லை.

2022 பிப்ரவரி கடைசியில் வயாட்ரிஸ் கம்பெனியின் உயிரி-ஒத்த மருந்துத் தொழிலை 333.5 கோடி டாலர் வரையிலான மதிப்பில் வாங்கப்போவதாக அறிவித்தார்கள். நவம்பரில் கைமாறியது. பெரிய கொள்முதல், பெரிய கடன். 2025 ஜூனில் நிறுவன முதலீட்டாளர்களுக்கு 330 ரூபாய் விலையில் புதுப் பங்கு கொடுத்து 4,500 கோடி திரட்டினார்கள். அதாவது பங்குகளின் எண்ணிக்கையும் கூடியது, நம் பங்கின் விகிதமும் குறைந்தது. இதில் எதுவும் கோட்டில் எழுதியிருக்காது. ஆண்டறிக்கையில் எழுதியிருக்கும். கோட்டைப் பார்க்கப் பத்து நொடி, ஆண்டறிக்கை படிக்க இரண்டு சாயங்காலம். எது சுலபமோ அதைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள்.

இன்னொரு வகை ஏமாற்றும் உண்டு. 2015-இல் பயோகானின் துணை நிறுவனம் சின்ஜீன் 250 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. "பயோகான் வைத்திருந்தவர்களுக்குச் சின்ஜீன் இலவசமாகக் கிடைத்தது" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இல்லை சாமி. பயோகான் தன்னிடமிருந்த பங்கில் ஒரு பகுதியை விற்றது. அதன் பங்குதாரர்களுக்கு விண்ணப்பிக்க ஒரு தனி ஒதுக்கீடு இருந்தது, அவ்வளவுதான். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். தொழிலைப் பிரித்துப் பங்குதாரருக்கே கொடுப்பது வேறு, பங்கை விற்பது வேறு.

"பயோடெக் வளரும், ஆகவே பயோடெக் பங்கு வளரும்" என்பார்கள். கொரோனா காலத்தில் நாடே பேசிய இரண்டு தடுப்பூசிக் கம்பெனிகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று எங்கள் புனே ஹடப்சரில் இருக்கும் சீரம் இன்ஸ்டிடியூட். இன்னொன்று நம்ம திருத்தணிப் பக்கம் பிறந்த கிருஷ்ணா எல்லா ஹைதராபாத்தில் தொடங்கிய பாரத் பயோடெக். அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டுமே பங்குச் சந்தையில் கிடையாது. துறையில் மிகப் பெரிய வேலை நடந்த இடங்களில் நமக்குப் பார்க்க ஒரு விலைப் பட்டியலே இல்லை. சந்தையில் இருப்பவற்றிலும், படுத்துப்போன கம்பெனியின் படத்தை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. ஜெயித்தவர் போட்டோவை மட்டும் மாட்டி வைக்கும் டியூஷன் சென்டர் மாதிரிதான் இதுவும்.

எதிர்க்கட்சிக்குப் பதில்

"நீங்கள் இப்படியே பயமுறுத்தினால் நம்ம ஆளுங்க ஃபிக்சட் டெபாசிட்டையும் நகையையும் விட்டு வெளியே வரவே மாட்டார்கள். கொஞ்சம் மிகைப்படுத்தினாலும் அந்தப் படம் நல்லது செய்கிறது" என்று என் நண்பர் ஒருவர் வாதாடுகிறார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லை.

அவருக்கு என் பதில். நம்ம குடும்பங்கள் பங்குச் சந்தைக்கு வரட்டும், தாராளமாக. ஆனால் இப்படி வருகிறவர்கள் எதை எதிர்பார்த்து வருகிறார்கள்? பதின்மூன்று மடங்கை. முதல் தடவை முப்பது சதவீதம் இறங்கினவுடன் விற்றுவிட்டு, "பங்குச் சந்தை சூதாட்டம்" என்று ஊர் முழுக்கச் சொல்லி, மறுபடி நகைக்கடைக்குப் போய்விடுகிறார்கள். மிகைப்படுத்தி அழைத்து வந்தவர்தான் அவர்களைத் திருப்பியும் அனுப்புகிறார்.

போன வருடம் நானே அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் திருநெல்வேலிக்காரர் ஒருவர். அண்ணன் தம்பிகள் வயலை விற்றுப் பங்கு பிரித்ததில் அவருக்கு வந்த தொகை கையில். திரையில் அதே கோடு. "இது போனஸ் சரிக்கட்டின விலைதானே? எந்த நாள் வரைக்கும்? சென்செக்ஸ் கோட்டையும் பக்கத்தில் போடுங்களேன்" என்று கேட்டேன். "சார், டெக்னிக்கல் கேள்வியெல்லாம் கடைசியில் பார்க்கலாம்" என்றார் பேசியவர். கடைசியில் வந்தது கேள்வி நேரம் இல்லை, விண்ணப்பப் படிவமும் பாதாம் பாலும்.

அது டெக்னிக்கல் கேள்வி இல்லை அண்ணாச்சி. காய்கறிக்காரரிடம் "கிலோ எவ்வளவு, அரை கிலோவா சொல்றீங்க?" என்று கேட்பது போன்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்லாதவரிடம் கத்திரிக்காய்கூட வாங்க மாட்டோம். பாட்டன் வயலை விற்ற பணத்தைக் கொடுக்கலாமா?

2025 ஜனவரியில் செபியே ஒரு சுற்றறிக்கையில், பங்குச் சந்தைக் கல்வி என்ற பெயரில் பேசுகிறவர்கள் கடந்த மூன்று மாத விலையைக் காட்டிப் பங்கின் பெயர் சொல்லக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஆனால் இருபது வருடத்துக்கு முந்தைய விலையைக் கோணலாகக் காட்டினால் யார் தடுப்பது? நாம்தான் கேள்வி கேட்டுத் தடுக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

யாராவது ஒரு கோட்டைக் காட்டினால் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. இது அன்றைய விலையா, சரிக்கட்டிய விலையா? டிவிடெண்ட் சேர்த்ததா?
2. தொடக்க நாளும் முடிவு நாளும் எது? இரண்டையும் இரண்டிரண்டு வருடம் முன்பின் நகர்த்தினால் விடை என்ன?
3. அதே காலத்தில் சென்செக்ஸ் என்ன ஆனது?
4. இடையில் அதிகபட்சம் எவ்வளவு இறங்கியது, மீண்டு வர எத்தனை வருடம் ஆனது?
5. உங்களுக்கு செபி பதிவு எண் உண்டா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் வந்தால் செபி தளத்தில் போய்ச் சரிபாருங்கள். ஆலோசனைக்குக் காசு வாங்குகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும்.

நீங்களே பார்ப்பதாக இருந்தால் வழி சுலபம். பங்குச் சந்தைத் தளத்தில் பழைய விலைப் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். அதே கம்பெனியின் போனஸ், பங்குப் பிரிப்பு, டிவிடெண்ட் அறிவிப்புகளைத் தேதியோடு பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு போனஸ் தேதிக்கும் முந்தைய விலையை அந்த விகிதத்தால் வகுங்கள். பத்தாவது படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள், அவர்களுக்கும் விகிதக் கணக்கு பழகின மாதிரி ஆகும். 315 எப்படி 35 ஆனது என்பதை ஒருமுறை தன் கையால் கணக்குப் போட்ட பிள்ளை பிற்காலத்தில் எந்த வாட்ஸ்அப் படத்துக்கும் மயங்காது.

பழைய விலைப் பட்டியல் ஒரு நல்ல கணக்குப் புத்தகம். நடந்ததைச் சரியாகச் சொல்லும், வரி மிச்சப்படுத்தும், ஒரு பங்கு எவ்வளவு தூரம் கீழே விழக்கூடும் என்று முன்கூட்டியே நெஞ்சைத் தயார் செய்யும். அதை ஜாதகமாக்கி விற்கிறவர்களிடம் மட்டும் கையைக் கொடுத்துவிடாதீர்கள். வெளியூரில் வாடகையும் கட்டி, ஊரில் பெற்றோர் மருந்துச் செலவும் பார்த்து மிச்சம் பிடிக்கிற பணம் அது.

டிஸ்கி: நான் முதலீட்டு ஆலோசகன் இல்லை, பயோகானை வாங்கு என்றோ விற்றுவிடு என்றோ இங்கே சொல்லவில்லை. சுற்றி எழுதிய விலைகளை ஒருமுறை பங்குச் சந்தைத் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வரி விஷயத்தில் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். அவரிடமும் முதல் கேள்வி, "சார், எந்த விலையை எடுத்தீங்க?" என்பதாக இருக்கட்டும்.